ஐந்தாம் வளைவின் மஞ்சள் விளக்கு

விளக்கு எரிவது எப்போதும் ஐந்தாவது வளைவில்தான். போடியை விட்டு, முந்தல் தாண்டி, மலை தொடங்கியதும் வரும் முதல் நான்கு வளைவுகளும் அகலமானவை. வண்டி அலுங்காமல் ஏறிவிடும். ஐந்தாவது, இடப்பக்கம் சட்டென்று மடங்கும் கொண்டை ஊசி. அதில் திரும்பி முடிப்பதற்குள் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒரு மஞ்சள் வட்டம் சத்தமில்லாமல் கண் விழிக்கும். சவுகத் அலி மூன்று நாள் விடியற்காலையில் தனியாக ஏறிப் பார்த்துவிட்டார். மூன்று நாளும் அதே இடம்.

அந்த வளைவில்தான் பனிமூட்டமும் தொடங்கும். கீழே ஊர் மறைந்துபோகும், மேலே மலை மறைந்துபோகும். எந்தத் தோட்டத்திலிருந்தோ ஏலக்காய் காயும் வாசனை மட்டும் கண்ணாடி இடுக்கு வழியாக உள்ளே வரும். வெள்ளைக்கு நடுவே அந்த மஞ்சள் மட்டும் மிதக்கும். பகலெல்லாம் கிடங்கில் உட்கார்ந்து ஏலக்காயைத் தரம் பிரிக்கிறவர் அவர். நாள் முழுக்கப் பச்சையையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த மஞ்சள் ஏதோ சொல்ல வருவது போலவே இருந்தது. மனிதருக்குக் கொஞ்சம் கற்பனை கூடுதல். வேறு வளைவில் எரிந்திருந்தால் அவரும் வெறும் ஒயர் கோளாறு என்றுதான் நினைத்திருப்பார்.

அவருடைய மனைவி சபியா போடிமெட்டில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். முப்பத்திரண்டு பிள்ளைகள், பாதிப் பேர் தோட்ட வேலைக்காரர்களின் பிள்ளைகள். போன வருடம் அவளுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் நடந்தது. நான்கு மாதம் கழித்து, மேலே போய்ப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினார்கள். குழிக்குக் குழி அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். இதே ஐந்தாவது வளைவில்தான், "போதுங்க, திருப்பிருங்க" என்றாள். இறங்கி வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தை சவுகத் அலியால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

இப்போது அவளுக்குக் கீழேயே, போடியிலேயே, மாற்றல் தரத் தயாராக இருக்கிறார்கள். திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் மலை முடிந்தது. அந்தக் காகிதத்தை அவள் சமையலறையில் மிளகு டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பாமலே இரண்டு வாரமாகச் சமைத்துக்கொண்டிருந்தாள்.

சவுகத் அலி ஒரு காரியம் செய்தார். மெத்தென்று ஏறி இறங்கும் புது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் வரவழைத்து, வீட்டு வாசலிலேயே ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி, கீழே முட்டுக் கொடுத்து, சக்கரங்களைக் கழற்றி, தானே மாட்டினார். பட்டறையில் விடலாமே என்றவர்களிடம், "அவுங்களுக்கு வண்டியத் தெரியும். சபியா முதுகத் தெரியுமா?" என்றார். ஒருநாள் வேலை மூன்று நாளானது. முடித்து ஓட்டிப் பார்த்தபோது ரோட்டில் குழியே இல்லாதது போல இருந்தது. சந்தோஷமாக மலை ஏறினார். ஐந்தாவது வளைவில் விளக்கு எரிந்தது.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்கிற சாதனம் வேலை செய்யவில்லை என்பதற்கான விளக்கு அது. வண்டியை அணைத்து மறுபடி எடுத்தால் போய்விடும். அடுத்த முறை ஏறினால் திரும்ப வரும். பதினேழு வளைவு, ஒரு பக்கம் பாதாளம், மழை ஈரம். அந்த விளக்கோடு சபியாவை ஏற்றிக்கொண்டு போக அவருக்கு நெஞ்சு இல்லை.

வெள்ளிக்கிழமை வண்டி எலெக்ட்ரீஷியன் மாரீஸ்வரன் ஸ்கேனரோடு வந்தான். "முன்னாடி எடது வீல்ல சென்சார் சிக்னல் விட்டு விட்டு வருதுண்ணே" என்றான். சக்கரத்தைக் கழற்றினான், சென்சாரைத் துடைத்தான், பிளக்கை அழுத்தி மாட்டினான். உள்ளே தலையை விட்டுப் பார்த்து, "ஒயர்ல கறுப்பா டேப்பு சுத்தி வச்சது நீங்களா?" என்று கேட்டான்.

"நான் சுத்தலப்பா. கம்பெனியில சுத்துனதா இருக்கும்."

"இருக்கும், இருக்கும்" என்றான் மாரீஸ்வரன். இரண்டு கெட்டிக்காரர்களும் தலையாட்டிக்கொண்டார்கள். சேறு படிந்த அந்தக் கறுப்பை ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை.

அவன் போன பிறகு சபியா டீ கொண்டுவந்தாள். டம்ளரை நீட்டும்போது சட்டைக் கை மேலே ஏறியது. மேல்கையில், வளையம் போட்டது போல, வெளுத்த தடம் ஒன்று. ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவளுடைய அக்கா ஓதி வாங்கி வந்து கட்டிய தாயத்து அங்கே இருந்ததே என்று நினைத்தார். குளிக்கும்போது கழற்றியிருப்பாள் என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். அவர் மனம் முழுக்க வளைவில் இருந்தது.

சனிக்கிழமை காலை, "நானும் வர்றேன்" என்றாள் சபியா. சவுகத் அலி மறுக்கவில்லை. உள்ளுக்குள் ஒன்று முடிவு பண்ணியிருந்தார். இன்றும் விளக்கு எரிந்தால், திரும்பும் வழியிலேயே, கையெழுத்துப் போட்டுவிடு என்று சொல்லிவிடுவது. சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கக்கூடாது என்பது வரை யோசித்து வைத்திருந்தார்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வண்டி தொட்டில் ஆடுவது போல ஏறியது. பனி வந்து கண்ணாடியைத் தொட்டது. ஐந்தாவதில் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் முழுக்க ஒடித்தார். மஞ்சள் வந்துவிட்டது.

வளைவு தாண்டி அகலமான இடத்தில், சக்கரத்தை இடப்பக்கம் ஒடித்தே ஓரங்கட்டினார். உலகமே அந்தக் காருக்குள் சுருங்கிவிட்ட மாதிரி இருந்தது.

"எந்தச் சக்கரம்னு சொன்னான் மாரீஸ்வரன்?" என்று கேட்டாள் சபியா.

"முன்னாடி, எடது."

அவள் அந்தச் சக்கரம் இருக்கும் பக்கம் எட்டிப் பார்த்தாள். "அங்கன ஒரு மெல்லிசான கறுப்பு ஒயரு போகுமே, அதுவா?"

சவுகத் அலி திரும்பினார். "ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அதுலதாங்க கட்டினேன்."

அவர் இறங்கினார். சக்கரம் ஒடித்தபடியே நின்றதால் உள்ளே நன்றாகத் தெரிந்தது. மண்டியிட்டுக் கையை விட்டார். கம்பெனி டேப் என்று நினைத்தது விரலில் நூலாகத் தட்டுப்பட்டது. கறுப்புக் கயிறு, சுற்றிச் சுற்றி அழகாகக் கட்டியது. உள்பக்கம் சேற்றுக்குள் சின்னத் தாயத்து. சக்கரத்தோடு சேர்ந்து திரும்ப வேண்டிய ஒயரை, திரும்பாத கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். ஊருக்குள் அதனால் ஒன்றும் இல்லை. சக்கரம் முழுக்கத் திரும்பி, சரிவில் கொஞ்சம் தொங்கவும் செய்கிற இடத்தில், ஒயர் விறைத்துப் பிளக்கை இழுத்திருக்கிறது. மலையோ வளைவோ அவரிடம் எதுவும் சொல்ல வரவில்லை. வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

சாவிக்கொத்தில் தொங்கிய சின்னக் கத்தியை விரித்தார்.

"அறுக்காதீங்க, அவுருங்க" என்றாள் சபியா, கதவைத் திறந்து கால்களை வெளியே போட்டு உட்கார்ந்தபடி. "பிள்ளைகளுக்கு ஷூ லேஸ் கட்டிவிடுற முடிச்சுதான். குட்டை நுனியப் பிடிச்சு இழுத்தா வந்துரும்."

இழுத்தார். வந்துவிட்டது. பிளக்கை அழுத்தினார், டிக் என்று உட்கார்ந்தது.

"வண்டிக்குத் தாயத்துக் கட்டணும்னா கண்ணாடியில கட்டலாமுல்ல சபியா? நல்லபடியா மேல போய்ச் சேரணும்னு சக்கரத்துலயா கட்டுவாக?"

"மேல போறதுக்கா கட்டினேன்?" என்றாள் அவள். "வேலையில ரெண்டாம் நாளு, மத்தியானம். சாப்பிடக் கூப்பிட வந்தேன். வண்டிக்கு அடியில ஒங்க காலு ரெண்டு மட்டும் வெளிய தெரியுது. கூப்பிடுறேன், அசையல. வண்டி ஒங்க மேல எறங்கிருச்சுன்னே நெனச்சேன். என்னால குனிஞ்சு பாக்கவும் முடியாது. அப்படியே நிக்குறேன். அப்புறம் குறட்டை கேட்டுச்சு."

சவுகத் அலிக்கு அந்த மத்தியானம் நினைவுக்கு வந்தது. ஸ்பேனரை நெஞ்சில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியது, கனவில் ஏலச்செடிகளுக்குள் வண்டி தானாகப் போய்க்கொண்டே இருந்தது, எல்லாம்.

"எழுப்பியிருக்கலாமுல்ல?"

"நாலு நாளா தூங்காத மனுசன எப்படி எழுப்ப? முக்காலியக் கொண்டாந்து போட்டு, பக்கத்துலயே ஒக்காந்துக்கிட்டேன். கையில இருந்தத அவுத்து, கைக்கு எட்டுன எடத்துல கட்டுனேன். நீங்க எந்திரிக்கிற வரைக்கும் அது அங்க இருக்கட்டும்னு. அப்புறம் நீங்க சக்கரத்த மாட்டிட்டீக."

அவர் தாயத்தைத் தன் சட்டை முனையில் துடைத்தார். துடைக்க வேண்டிய நேரத்தைவிட அதிக நேரம் துடைத்தார். தன்னால் அவளுக்கு என்ன ஆகிவிடுமோ என்றே ஒரு வருடமாகப் பயந்துகொண்டிருந்தார். தனக்காகப் பயப்பட ஓர் ஆள் வெயிலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தது அவருக்குத் தெரியாமலே போயிருக்கிறது. கண் கலங்கியது. பனிதான் காரணம் என்று சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை.

"கைய நீட்டு" என்றார்.

"எனக்கெதுக்கு? எனக்குத்தான் முதுகு வலிக்கலயே."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. ஐந்தாவது வளைவு பின்னால் கிடந்தது. அவள் அதைத் தாண்டி வந்து, கால் தொங்கப் போட்டு உட்கார்ந்து, கதை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சபியா அவருடைய கையைப் பிடித்து இழுத்து, சட்டையைச் சுருட்டி, கயிற்றைக் கட்டினாள். "இனிமே வண்டிக்கு அடியில தூங்குனீகன்னா பாத்துக்கங்க" என்றாள்.

சவுகத் அலி வண்டியை எடுத்தார். விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிந்து ஒவ்வொன்றாக அணைந்தன. மஞ்சளும் அணைந்தது.

"மேலயா, கீழயா?" என்று கேட்டார். முன்னால் ஒன்றுமே தெரியவில்லை.

சபியா கைப்பையைத் திறந்து, பெரிய இரும்புச் சாவி ஒன்றை எடுத்து மடியில் வைத்தாள். பள்ளிக்கூடத்துச் சாவி. காலையில் புறப்படும்போதே எடுத்து வைத்திருந்தாள்.

"மெதுவாப் போங்க" என்றாள். "இன்னும் பன்னெண்டு வளைவு இருக்கு."