பள்ளப் பாதி

நாணல் முழுக்கக் காய்ந்து பழுப்பேறியிருந்ததைப் பார்த்ததும் சின்னவளுக்கு வயிறு குளிர்ந்தது. வயலுக்கு வாங்கிய களைக்கொல்லியை இரண்டு மடங்கு கலந்து, முதுகில் தெளிப்பானைச் சுமந்து, புருஷனுக்குக்கூடச் சொல்லாமல் அடித்தது வீண்போகவில்லை. அவள் கொடுத்த மனுவின் பேரில் இன்று பார்வையிட வரும் அதிகாரியம்மாவின் கண்ணுக்கு இது சதுப்பாகத் தெரியக்கூடாது. தரிசு என்று அவர் எழுதிவிட்டால் போதும், வாங்க ஆள் இருந்தது.

அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது ஆற்றோரப் பள்ளப் பாதி தங்களுக்கு விழுந்ததென்று துள்ளியவளும் அவள்தான். வெள்ளம் வடிந்தால் வண்டல் படியும். மேட்டுப் பாதி கிடைத்த ஓரகத்தி, மூத்தவள், அன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பிறகு நகரம் வளர்ந்து பக்கத்தில் வந்தது. இடித்த கட்டடங்களின் கல்லும் மண்ணும் லாரி லாரியாக அந்த மேட்டுச் சரிவில் விழுந்தன. மனை போட்டு விற்றார்கள். மிச்ச இடத்தில் மூத்தவள் மாடிவீடு கட்டினாள். இரு பாதியிலும் பரவி வடிந்த ஆற்றுநீருக்கு இப்போது பள்ளம் ஒன்றுதான் போக்கிடம். மேலேயிருந்த வயல்களின் உரமும் கரைந்து வர, நாணல் ஆளுயரம் வளர்ந்தது. கொக்கு வந்தது, நாரை வந்தது. அவற்றின் பின்னால் அரசாங்கம் வந்து, நிரப்பக்கூடாது, கட்டக்கூடாது என்று கல் நட்டுப் போனது. மூத்தவளின் மாடியில் புதுத் திரைச்சீலை ஆடினாலே சின்னவளுக்குச் சோறு இறங்காது.

அதிகாரியம்மா ரப்பர் பூட்ஸோடு சேற்றில் இறங்கியதும் மூத்தவள் குடை பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"என்னடி, நாணலுக்கு ஏதாவது சீக்கா?"

"உங்க மாடி நிழல் விழுந்துச்சுல்லக்கா, கருகிடுச்சு."

மூத்தவள் சிரித்தாள். "உனக்கென்னடி, தண்ணியும் கொக்குமா கண்ணுக்குக் குளிர்ச்சி. என்னைச் சுத்தி எந்தப் பக்கம் பாத்தாலும் சுவரு."

"அப்போ மாத்திக்கலாமா?"

மூத்தவள் குடையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

அதிகாரியம்மா ஒரு நாணலைப் பிடுங்கினார். வேர் வெள்ளையாக, நீர் சொட்ட வந்தது. "மேல காஞ்சா ஆச்சா? இது சதுப்புதாம்மா. உங்க மனு நிக்காது." சின்னவளின் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்: "தண்ணி எப்பலேருந்து இப்படி நிக்குது? அந்தப் பக்கம் நிரப்பினதாலயா? அப்படின்னா அதையும் விசாரிக்கணும். கொட்டின மண்ணை அள்ளச் சொல்லுவாங்க. அதனால உங்க இடத்துத் தடை நீங்கப்போறதில்ல, ஆனாலும் உண்மைய சொல்லுங்க."

"பழசெல்லாம் யாருக்கு ஞாபகமிருக்கு," என்றாள் மூத்தவள். குரல் இறங்கியிருந்தது. சின்னவளின் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வீட்டுக்குப் போகாமல் வராந்தாவில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். அது சின்னவளுக்கு நினைவு வந்தது. மாடி ஜன்னலும் கண்ணில் பட்டது. எப்படியும் தனக்கு ஒன்றும் கிடைக்காது என்று ஆனபிறகு வயிற்றெரிச்சல் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை.

"லாரி வந்ததுலேருந்துதாம்மா. அதுக்கு முன்ன கோடையில இங்க உளுந்து விதைப்போம்."

அதிகாரியம்மா பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, ஒரு முனையைச் சின்னவளிடம் நீட்டினார். "தண்ணி ஓரத்துல அழுத்திப் பிடிங்க."

உருளையிலிருந்து நாடா பிரிந்து, மூத்தவளின் குடையைத் தாண்டி, கல்மேட்டில் ஏறி, அந்த வீட்டை நோக்கிப் போனது. போகப் போக இழுத்தது. சின்னவள் குதிகால் சேற்றில் புதையப் புதைய, முனையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.