பக்கத்து ஊரில் ஏறுங்கள்

வேலைக்குக் கிளம்பிய கூட்டம் ரயில் நிலையத்தின் பின்வாசலை நெருங்கும்போதே, நகராட்சி ஊழியர் ஒருவர் அதற்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது? இந்தப் பக்கத்து ஜனமெல்லாம் எப்படிப் போறது?"

"என்னைக் கேட்டா? தலைவர் பூட்டச் சொன்னாரு, பூட்டுறேன். பக்கத்து ஊர்ல போய் ஏறிக்குங்க."

கொஞ்சம் தள்ளிக் காருக்குள் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த நகராட்சித் தலைவருக்கு மனம் குளிர்ந்தது.

தலைவர் கெட்டவர் இல்லை. கைநீட்டிக் காசு வாங்காதவர். இரும்புக்கடை வைத்துப் பிழைத்தவர் என்பதால் ஊர்ப்பணத்தையும் கடைப்பணம் போலவே இறுக்கிப் பிடித்தார். அந்த இறுக்கம்தான் வினையாக முடிந்தது.

பெருநகரத்திலிருந்து வரும் இலகு ரயிலை ஜனங்கள் குட்டி ரயில் என்று செல்லமாகச் சொல்வார்கள். அதை ஓட்டும் செலவை வழியிலுள்ள நகராட்சிகள் எல்லாம் பகிர்ந்துகொள்ள வேண்டும். எந்த ஊரில் அதிகம் பேர் ஏறுகிறார்களோ, அந்த ஊருக்குப் பங்கும் அதிகம். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் எந்த நியாயத்திலும் ஓட்டை தேடுவதற்கென்றே சில மூளைகள் இருக்கின்றனவே! நம் ஊர் ஆட்கள் பக்கத்து ஊரில் போய் ஏறினால் நம் பங்கு குறையும், பக்கத்து ஊர் தலையில் விழும் என்று தலைவர் கண்டுபிடித்தார். நிலையத்துக்குப் போகும் இணைப்புப் பேருந்தை நிறுத்தினார். நிலையத்தின் பராமரிப்பு நகராட்சியின் பொறுப்பு என்பதால், அங்கே எரியாத விளக்குகளை மாற்ற வேண்டாம் என்றார். கடைசியாகப் பின்வாசலுக்குப் பூட்டு. நகராட்சிக் கூட்டத்தில் மேசையைத் தட்டி எல்லோரும் பாராட்டினார்கள்.

பாராட்டாத ஒருத்தி அவருடைய தங்கை. கணவன் இறந்த பிறகு, பெருநகர மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்த்து மகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். குட்டி ரயில் வந்திருக்காவிட்டால் அந்த வேலைக்கு அவள் போயிருக்கவே முடியாது.

"அண்ணா, அந்தப் பின்வாசலை மட்டுமாவது திறந்து விடேன். முன்வாசலுக்குச் சுத்திப் போறதுக்குள்ள வண்டி போயிடுது. லேட்டு லேட்டுனு மேஸ்திரி கண்டபடி பேசுறார்."

"கொஞ்சம் பொறுத்துக்கம்மா. வருஷக் கணக்கு முடியட்டும். தலைவர் வீட்டுக்கு மட்டும் தனிச் சலுகையான்னு நாலு பேர் கேட்க மாட்டாங்களா?"

அவள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். தன் நேர்மையைத் தங்கை புரிந்துகொண்டாள் என்று தலைவர் நினைத்துக்கொண்டார்.

ஆண்டு முடிவில் ரயில் கழகத்தின் அதிகாரி எல்லா ஊர்த் தலைவர்களையும் அழைத்தார். நம் தலைவர் சலவைச் சட்டையும் சிரித்த முகமுமாகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். அதிகாரியான அந்த அம்மாள் நம் தலைவரைப் பார்த்துச் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார்.

"உங்க ஊர்லயும் பக்கத்து ஊர்லயும் ஏற ஆளே இல்லை. அடுத்த மாசத்திலேருந்து ரெண்டு ஊர்லயும் வண்டி நிக்காது."

"ஆளில்லையா? எங்க ஜனமெல்லாம் இவங்க ஊர்லதானே ஏறுது!" தலைவர் தன்னை மறந்து கத்திவிட்டார்.

பக்கத்து ஊர்த் தலைவர் துள்ளி எழுந்தார். "எங்க ஊர்லயா? நாங்க எங்க ஜனத்தை உங்க ஊருக்கில்ல அனுப்பினோம்!"

ஒரே தந்திரத்தை இருவரும் செய்திருக்கிறார்கள்.

"அப்போ ஜனங்க எங்கே போனாங்க?" என்றார் தலைவர், ஈனக்குரலில்.

"கடன் வாங்கி பைக் எடுத்தவங்க இருக்காங்க. வேன்ல நசுங்கிக்கிட்டுப் போறவங்க இருக்காங்க. வேலையை விட்டவங்களும் இருக்காங்க. எங்களுக்கு வர்ற புகாரையெல்லாம் நீங்க படிச்சீங்களா?"

ஊர் திரும்பியதும் அடுத்த தெருவிலிருந்த தங்கை வீட்டுக்குப் போனபோது, அவள் துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வண்டி நிற்காது என்ற செய்தி அவருக்கு முன்னால் அங்கே வந்துவிட்டது. மருத்துவமனை விடுதியில் அவளுக்கு ஒரு கட்டில் கிடைத்திருந்தது. விடுதியில் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை.

"வேலையை விட்டுடும்மா. நான் இருக்கேன்ல?"

"உன் கையை எதிர்பார்த்து எத்தனை நாள் உட்கார்றது அண்ணா?" அவள் நிமிரவில்லை. "செலவை அடுத்த ஊர் தலையில கட்டலாம்னு ரெண்டு பேரும் நினைச்சீங்க. அது எங்க தலையில விழுந்துடுச்சு. எல்லாருக்கும் பொதுவான ஒண்ணுக்கு அவங்கவங்க பங்கைக் குடுக்காம நழுவினா, கடைசியில அது யாருக்குமே இல்லாமப் போயிடும். இது உனக்குத் தெரியாதா?"

விடிந்ததும் தலைவர் முதல் வேலையாகப் பக்கத்து ஊர்த் தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"தலைவரே, இனிமே யார் எங்கே ஏறினாங்கன்னு எண்ணவே வேண்டாம். ரெண்டு ஊரும் சேர்ந்து சரிபாதி போட்டுக்கலாம்."

"இதை முன்னாடியே பேசியிருக்கலாம்," என்றார் அவர். பிறகு, "நானும்தான் பேசியிருக்கலாம்," என்று சேர்த்துக்கொண்டார். இருவரும் ஒன்றாகப் போய் எழுதிக் கொடுத்தார்கள். அதிகாரி வாங்கி வைத்துக்கொண்டார். ஆனால் புதிய கால அட்டவணை முடிவாகிவிட்டது, அடுத்த ஆண்டுதான் மறுபடி பார்க்க முடியும் என்றார். கெஞ்சிப் பார்த்தும் பலனில்லை.

தங்கை மகள் இப்போது தலைவர் வீட்டில்தான் இருக்கிறாள். முதல் நாள் சாப்பிட உட்கார்ந்தவள் தட்டைத் தொடாமல் கேட்டாள்.

"மாமா, அம்மா ஏன் தினமும் வீட்டுக்கு வர முடியாது?"

யார்மீதாவது பழியைப் போட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அந்தப் புத்திதானே இவ்வளவையும் செய்தது என்று வெட்கம் வந்தது.

"மாமாவாலதான்மா," என்றார். "ஊர்க்காசை மிச்சம் பிடிக்கிறேன்னு, அம்மா உன்கூட இருக்க வேண்டிய நேரத்தையெல்லாம் எடுத்துச் செலவு பண்ணிட்டேன்."