இல்லாத குழந்தைக்கு நாற்பதாயிரம் உறவினர்கள்

எங்கள் ஃபேஸ்புக் குழுவின் பெயர் 'எல்லை தாண்டிய உறவுகள்'. நாற்பதாயிரம் பேர் இருக்கிறோம். டொரொண்டோவில் ஒருவர் கண் கலங்கினால் துபாயில் ஒருவர் மூக்கை உறிஞ்சுவார், அவ்வளவு ஒற்றுமை. தலைவி வைஷாலி சிங்கப்பூரில், காத்தோங்கில் இருந்துகொண்டு வாரம் ஓர் உண்மைக் கதை எழுதுவாள். நான் சுசீலா. ஃபேரர் பார்க்கில் ஒரு பல் கிளினிக்கில் வரவேற்பு மேசை வேலை. மீதி நேரத்தில் வைஷாலியின் ஒற்றுப்பிழைகளைத் திருத்துவதும், குழுவுக்கு வரும் செய்திகளுக்குப் பதில் போடுவதும் என் தலையில்.

அந்த வாரம் அவள் ஒரு படத்தோடு வந்தாள். ஃபேரர் பார்க் திடலில், ஞாயிற்றுக்கிழமை, ஒரு வெளிநாட்டு ஊழியர் மரத்தடியில் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கண்ணைத் துடைக்கிறார். முகம் பளிச்சென்று தெரிந்தது. அவரிடம் வைஷாலி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் கதை கெட்டுவிடும் போலிருக்கிறது. ஊரில் மனைவி சாப்பிட்டாளோ என்று நினைத்து அழுகிறார் என அவளே தீர்மானித்து, அவர் வாயால் சொன்னதாகவே எழுதிவிட்டாள்.

ஒன்பதாயிரம் லைக். ஆஸ்லோவிலிருந்து ஒரு பெரியவர், "இங்கே பனி கொட்டுகிறது, என் நெஞ்சு மட்டும் எரிகிறது" என்று எழுதியிருந்தார். பாரிஸ் அம்மையார் ஒருவர் அந்த மனைவியைத் தன் தங்கையாகவே ஏற்றுக்கொண்டார். கதையில் அவள் மடியிலிருக்கும் கைக்குழந்தைக்குச் சட்டை தைத்து அனுப்ப ஜொகூரில் ஆள் தயார். விலாசம் மட்டும்தான் பாக்கி.

மூன்றாம் நாள் குழுவுக்கு ஒரு செய்தி வந்தது.

"வணக்கம். படத்துல இருக்கிறது நான்தான். பேரு அண்ணாதுரை. எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல. தை மாசம் ஆகப்போகுது. இப்போ அதுவும் ஆகாது போல."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரை அதே திடலில் பார்த்தேன். பூன் லே பக்கம் விடுதி, கப்பல் பட்டறையில் வெல்டர். முப்பது வயது இருக்கும்.

"பச்சமிளகா கடிச்சேன்க்கா. அந்தக் கையாலயே கண்ணத் தொட்டுட்டேன்," என்றார்.

அவருக்கு நிச்சயித்த பெண் யாமினி, ஊர் மன்னார்குடி. அவளுடைய பெரியப்பா மகன் குவைத்தில் இருக்கிறான்; எங்கள் குழுவின் தீவிர வாசகன். கதையைப் படித்தவன் அன்றே ஊருக்கு அனுப்பிவிட்டான். எல்லை தாண்டுவதில் எங்களுக்கு நிகர் நாங்களேதான்.

"யாமினியோட அப்பா போனையே எடுக்கலக்கா. பொண்டாட்டி புள்ளய மறச்சுட்டுப் பொண்ணு கேட்டவன்னு ஊரே பேசுது. கதை கற்பனைன்னு ஒரே ஒரு வரி போடச் சொல்லுங்க. எனக்கு அது போதும்."

வைஷாலிக்கு ஃபோன் செய்தேன்.

"அது ஒருத்தரோட ஸ்டோரி இல்ல லா, எல்லா வொர்க்கர்ஸோட ட்ரூத். இப்போ போய் கற்பனைன்னு சொன்னா, அழுதவங்க ஃபீலிங்ஸ் என்ன ஆகும்?"

"அவரோட கல்யாணம் என்ன ஆகும்?"

"ஓ. அது நல்ல பார்ட் டூ," என்றாள்.

வந்த கோபத்தில் அந்த வரியை நானே போட்டேன்: கதை கற்பனை, படத்திலிருப்பவர் திருமணமாகாதவர். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, உறவுகள் திரண்டுவிட்டார்கள். மனைவியை மறைக்க இவனுக்கு எவ்வளவு துணிச்சல் என்றது சிட்னி. குழந்தைக்கு நீதி வேண்டும் என்றது லண்டன். நெஞ்சு எரிந்த ஆஸ்லோ பெரியவர், அண்ணாதுரையைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்றார். வைஷாலி எல்லாவற்றுக்கும் இதயம் போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை எனக்குத் தனியாக ஒரு செய்தி. யாமினி.

"அக்கா, அவருக்குக் குழந்தை இல்லைன்னு நீங்க எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க? அவர உங்களுக்கு எத்தன நாளாத் தெரியும்?"

அவரை ஏழு மணி நேரமாகத் தெரியும். குழந்தையைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். இதுவரை சொல்லாமல் இருந்தேன், வெட்கமாக இருந்தது. என்னிடம் திருத்த வந்தபோது கதையில் மனைவி மட்டுமே இருந்தாள். முடிவு சப்பென்று இருக்கிறதா என்று வைஷாலி கேட்டாள். "மடியில ஒரு கைக்குழந்தைய வை. அள்ளிட்டுப் போகும்," என்று பதில் போட்டவள் நான். கிளினிக்கில் டீ குடித்துக்கொண்டே போட்டேன்.

அந்த உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து யாமினிக்கு அனுப்பினேன். பதிலுக்கு அவள் கேட்டாள்.

"இத அப்பாகிட்ட காட்டலாமா?"

"எல்லார்கிட்டயும் காட்டும்மா."

காட்டினாள். குவைத் அண்ணன் தன் பங்குக்கு அதைக் குழுவிலேயே ஒட்டிவிட்டான். மறுநாள் காலைக்குள் குழுவிலிருந்து நீக்கப்பட்டு, நாற்பதாயிரம் உறவுகளையும் இழந்திருந்தேன். வைஷாலி என் துரோகத்தைப் பற்றி உருக்கமாக எழுதினாளாம். ஒற்றுப்பிழைகளை யார் திருத்தினார்களோ தெரியாது. பாரிஸ் அம்மையார் மட்டும் என்னைத் தேடி வந்து, "குழந்தையைக் கொன்றவளே" என்று எழுதிவிட்டுப் போனார். பெற்றவளும் நான்தான் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

ஒரு வாரம் கழித்து அண்ணாதுரையின் செய்தி வந்தது. மாமனார் போனை எடுத்துவிட்டாராம். கூடவே அழைப்பிதழ், தை பதினெட்டு.

"கண்டிப்பா வரணும்க்கா. யாமினியும் சொல்லச் சொன்னா. போட்டோ மட்டும் எடுக்காதீங்க."