மடித்த முனை

ஒரே வாரத்தில் மூன்றாவது முறையாக அந்தக் காரைக் கயிறு கட்டி என் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும்.

"சூடானா நின்னுடுதுண்ணே. ஆறினா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது," என்றார் அதை வாடகைக்கு ஓட்டும் கார்க்காரர்.

என் வீட்டில் எட்டு மாதமாகச் சூடு ஆறவே இல்லை. அதற்கும் காரணம் இந்தக் கார்தான்.

எட்டு மாதத்துக்கு முன் இதேபோல் நடுரோட்டில் நின்றது. அதற்கு முந்தின வாரம்தான் என் மச்சினன் இதற்கு பெல்ட் மாற்றியிருந்தான். மனைவியின் தம்பி, பதினோரு வருடம் என்னோடு வேலை பார்த்தவன். கார்க்காரர் வந்து குதித்தார். கோளாறைக் காட்டும் ஸ்கேனர், கிராங்க் சென்சார் என்று காட்டியது. பெல்ட் பக்கத்திலேயே இருக்கிற சென்சார். இவன்தான் இடித்துக் கெடுத்திருப்பான் என்று தீர்ப்பு எழுதிவிட்டேன்.

"ஒழுங்கா வேலை பாக்க முடியலன்னா வீட்ல இரு," என்றேன், கார்க்காரர் முன்னாலேயே.

"நான் அது பக்கம் கையே வைக்கல மாமா," என்றான். ஒரு தரம்தான் சொன்னான். மறுநாளிலிருந்து வரவில்லை. நான் புது சென்சார் போட்டேன், கார் ஓடியது. பார்த்தாயா என்று மனைவியிடம் வேறு சொன்னேன். அன்றிலிருந்து அவள் என் முன்னால் தட்டை வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

இப்போது அதே கோளாறு, அதே சென்சார். திங்கட்கிழமை கனெக்டரைத் துடைத்தேன். புதன்கிழமை இன்னொரு புது சென்சார் போட்டேன். இன்று வெள்ளிக்கிழமை. எஞ்சின் சுற்றுகிறதா என்று கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சொல்வது அந்தச் சென்சார். பெட்டிக்கு அந்தச் சேதி போகாவிட்டால் அது பெட்ரோலை நிறுத்திவிடும். மூன்று சென்சாரும் கெட்டவையாக இருக்க முடியாது. சேதி வழியில் எங்கேயோ தொலைகிறது. இது எட்டு மாதத்துக்கு முன்பே என் மரமண்டைக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

பேட்டரியைக் கழற்றினேன். சென்சாரிலிருந்து பெட்டிக்குப் போகும் வயரின் இரண்டு முனைகளையும் பிடுங்கி மீட்டரை வைத்தேன். குறையே இல்லை. இழுத்தேன், ஆட்டினேன், அப்போதும் இல்லை. முழங்கால் வலி உயிரை எடுத்தது. சூட்டில்தானே நிற்கிறது, சூடு காட்டுவோம் என்று வீட்டுக்குப் போய் மனைவியின் முடி உலர்த்தும் மெஷினை எடுத்தேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

சென்சார் பக்கமிருந்து ஒவ்வொரு சாணாகச் சூடுபடுத்திக்கொண்டே போனேன். எஞ்சினுக்குப் பின்னால், கை நுழையாத ஒரு வளைவில், மீட்டரில் மின்தடையின் எண் ஏற ஆரம்பித்தது. பிறகு மொத்தமாக அறுந்துவிட்டது போலக் காட்டியது. மெஷினை நிறுத்தினேன். சற்று நேரத்தில் எண் பழையபடி இறங்கியது. சந்தோஷமாகத்தான் இருந்தது, டார்ச்சை அடித்துப் பார்க்கும்வரை.

அங்கே கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அதன் கடைசி முனை விரல்நகம் அளவுக்கு உள்பக்கம் மடித்து ஒட்டியிருந்தது.

மச்சினன் டேப்பே தொடமாட்டான். எந்த ஒட்டுக்கும் ஈயத்தை உருக்கி சால்டர் வைத்து, மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். "கல்யாணப் பொண்ணுக்கு அலங்காரம் பண்றியா?" என்று நான் கிண்டல் செய்வேன். என் பாணி வேறு. வயரை முறுக்கு, டேப்பைச் சுற்று, அடுத்துப் பிரிப்பவன் நகத்தால் நோண்டாமல் இருக்க முனையை மடித்து விடு. வீட்டில் சர்க்கரைப் பாக்கெட்டைக்கூட அப்படித்தான் ஒட்டுவேன். இரண்டு வருடத்துக்கு முன் இந்தக் காரில் எலி கடித்த வயரை அவசரமாக முறுக்கிவிட்டது நான்தான். பிரித்துப் பார்த்தால் உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. அன்று சென்சார் மாற்றும்போது வயர் அசைந்ததில் ஒட்டு மறுபடி பிடித்திருக்கும், அதனால்தான் எட்டு மாதம் ஓடியது.

கார்க்காரர் எட்டிப் பார்த்தார். "மச்சினர் பண்ணின கோலமா?"

தலையை ஆட்டினால் போதும். அவர் நம்பத் தயாராகவே நின்றார். ஒரு நிமிடம் நானும் தயாராகவே இருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தேன்.

"இல்லங்க. நான் பண்ணினது," என்றேன்.

அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புது வயர் சேர்த்து, சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டேன். காரை ஒரு மணி நேரம் ஓட விட்டேன். நிற்கவில்லை. அதன் பிறகுதான் மச்சினனுக்குப் போன் செய்தேன்.

"அந்தக் காருடா," என்றேன். "என் ஒட்டு."

"தெரியும் மாமா."

"என்ன தெரியும்?"

"அன்னைக்கு நீங்க திட்டுறப்பவே டேப்பைப் பாத்துட்டேன். நான் போனதும் நீங்களே பாத்துச் சரி பண்ணிருப்பீங்கன்னு நெனச்சேன். வண்டியும் ஓடுச்சே."

"அப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேடா?"

"ஆள் முன்னாடி எப்படி மாமா சொல்றது?"

வா என்று கூப்பிட்டேன். இப்போது வேலை பார்க்கும் பட்டறையில் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

வீட்டுக்குப் போய் முடி உலர்த்தும் மெஷினைத் திரும்ப வைத்தேன். பக்கத்தில் அந்த வயர்த் துண்டையும் வைத்தேன். மனைவி அதை எடுத்து, மடித்த முனையை விரலால் தடவிப் பார்த்தாள். அது என்ன என்று அவளிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை; தம்பியிடம் பேசினேன் என்று மட்டும் சொன்னேன்.

"வர்றானாமா?" என்றாள்.

"வரலையாம்."

தட்டை என் முன்னால் வைத்தாள். வழக்கம்போல அடுத்த அறைக்குப் போனாள்.