பெருமாளுக்கு முதுகு

கருட சேவையன்று பெருமாள் உடுத்தியிருந்த பட்டு, தேவிகாவும் புருஷன் ஏகாம்பரமும் இரண்டு மாதம் தறியில் உட்கார்ந்து நெய்தது. ஆனால் ஊர்க்காவல் படையின் காக்கி உடுப்பில் கயிறு பிடித்து நின்ற தேவிகா, சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தையே பார்த்திருந்தாள். அவளுக்கு இட்ட வேலை அது.

கூட்டத்தில் முண்டியடித்து வந்து சேர்ந்தான் ஏகாம்பரம்.

"கயித்தத் தூக்குமா. நாம நெய்ஞ்ச பட்டு, கிட்டப் பாக்கணும்!"

"நெய்ஞ்சவங்களுக்குனு தனி வழி கெடையாது. பின்னால போங்க, கொழந்தைங்க நசுங்குது."

முறைத்துக்கொண்டே போனவனுக்கு, வீட்டுக்கு வந்தும் கோபம் ஆறவில்லை.

"சாமியக் கிட்டப் பாக்கலாம்னுதான் நீ படையில சேந்தேன்னு நெனச்சிக்கினு இருந்தேன். பட்டு எப்பிடி இருந்துது, அதையாவது சொல்லு."

"நான் எங்க பாத்தேன்?" தேவிகா தொப்பியை ஆணியில் மாட்டினாள். "பெருமாளப் பாக்க ஊரே வந்துது. ஊரப் பாக்க ஆளு வேணாமா?"