கோணி ஊசியும் ஒரு வாளித் தண்ணீரும்

1

இந்தக் கதை பிறந்தது ஒரு மாப் வாளியில். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது கதையே இல்லை, கோபத்தில் ஒரு கட்டுரை. முதல் வரி: 'தண்டுவடம் என்பது மூளையின் அடியிலிருந்து முள்ளந்தண்டின் துளை வழியே இறங்கும் நரம்புத் திசுவாலான வடம். அதிலிருந்து முப்பத்தோரு இணை நரம்புகள்...'

(அடித்துவிட்டேன். இதை வைத்துத்தான் பரீட்சையில் பாஸ் ஆனேன். வீட்டில் ஒருத்தியைக்கூடச் சமாளிக்க முடியவில்லை.)

2

இரண்டாவது தொடக்கம்: 'அக்கா பயந்தாள்.'

படித்துவிட்டு அக்கா, "யாரு பயந்தா? யோசிச்சேன்னு போடு" என்றாள்.

சரி, யோசித்தாள். நிறைமாத வயிற்றோடு மூன்று நாள் தூங்காமல் யோசித்தாள். வெள்ளிக்கிழமை அறுவைப் பிரசவம். முதுகில் ஊசி போட்டால் கீழ்ப்பாதி மட்டும் மரத்துப்போகும். விழித்திருந்து பிள்ளையின் முதல் அழுகையைக் கேட்கலாம். முழு மயக்கம் என்றால் அது கிடையாது. அந்த அழுகைக்காகத்தான் அவள் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள். ஆனால் ஊசி தண்டுவடத்தில் குத்திவிட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்று பக்கத்து வீட்டுக்காரி ஓதிவிட்டாள்.

(பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். அவ்வளவும் வசவு.)

3

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான்; இயன்முறை மருத்துவம். விடுவேனா? கழுத்தில் எட்டு, மார்பில் பன்னிரண்டு, இடுப்பில் ஐந்து, திரிகத்தில் ஐந்து, வாலெலும்பில் ஒன்று என்று நரம்பு இணைகளை ஒப்பித்தேன். வடத்தைச் சுற்றி மூன்று உறை, உறைக்குள் திரவம் என்றேன். குத்து வாங்க இத்தனை இருக்கா என்று அக்கா இன்னும் வெளுத்தாள்.

அலுவலகம் அலுவலகமாகத் துடைத்துவிட்டு அப்போதுதான் வந்த அம்மா, "போதும், அவளைக் கொல்லாத. போய் மாப்பை அலசு" என்றாள்.

வாளியில் நல்ல தண்ணீர் பிடித்து முக்கினேன். கட்டை ஓரிடத்தில் முடிந்தது. அதற்குக் கீழே நூல்கள் அவிழ்ந்து மிதந்தன. வாளியை அப்படியே தூக்கி வந்து அக்கா முன்னால் வைத்தேன். தண்டுவடம் முள்ளந்தண்டின் கடைசிவரை போவதே இல்லை. இடுப்பின் முதல் இரண்டு முள்ளெலும்புகள் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே திரவத்தில் நரம்பு வேர்கள் மட்டும் தொங்கும்; குதிரைவால் என்று பெயர். ஊசி இறங்குவது அங்கேதான்.

இதைச் சொல்லிக் கோணி ஊசியை அக்காவிடம் நீட்டினேன். "கட்டை பக்கம் போகாத. கீழ ஒரு நூலைக் குத்து பாப்போம்."

குத்தினாள். நூல் நழுவியது. மறுபடி குத்தினாள். விலகியது. ஏழாவது குத்தில் ரோஷம் வந்து ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். தரையெல்லாம் தண்ணீர். திட்ட வந்த அம்மா ஊசியைப் பிடுங்கித் தானும் நாலு குத்து குத்தினாள். மொத்தம் பத்தொன்பது. ஒன்றுகூட மாட்டவில்லை.

சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்ட அக்கா, "முதுகுலயே போடச் சொல்லு" என்றாள்.

(ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. கதை நன்றாக இருக்கட்டும் என்று பொய் சொல்ல எனக்கு வராது.)

4

முடிவு ஒன்று: அறுவை அறையில் அக்கா முதுகை வளைத்து... (நான் வெளியே நின்றேன். பார்க்காததை எப்படி எழுத?)

முடிவு இரண்டு: பிறந்தது என்ன பிள்ளை? சொல்ல மாட்டேன். வாசலிலேயே அதைக் கேட்ட அத்தனை பேர் மேலும் இன்னும் கோபம் தீரவில்லை.

மூன்றாவது உங்களுடையது. இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் வையுங்கள். கட்டைவிரல்களை நேராகப் பின்னால் கொண்டுபோய் முதுகின் நடுவில் சேருங்கள். உங்கள் தண்டுவடம் அதற்கு மேலேயே முடிந்துவிட்டது. அந்த இடத்தை யாரோ பஞ்சால் துடைக்கிறார்கள். சில்லென்கிறது. ஒரு சுருக். கால்கள் கதகதப்பாகி, கனத்து, உங்களை விட்டுப் போகின்றன. நீங்கள் விழித்திருக்கிறீர்கள்.

உங்கள் நெஞ்சுக்கு முன்னால் கட்டிய திரைக்கு அந்தப் பக்கம், உலகத்துக்கே புதிதாக ஓர் ஆள், அழுவதற்காக மூச்சை இழுக்கிறது.