சுகம் விசாரிக்கும் வேலை

...இல்லை, இதை நேரே கேட்கக்கூடாது, கொஞ்சம் வளைத்துத்தான் கேட்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள் சிவகௌரி, காதில் தொலைபேசி மணி அடித்துக்கொண்டே இருந்தது, வெளியே ஜேர்மனியின் ஹம் நகரத்து மழை, தேநீரில் ஆடை கட்டிவிட்டது, குடிக்கவும் மனமில்லை, ஊற்றவும் மனமில்லை. கொரோனா யாரை எவ்வளவு பாதித்தது என்று வீடுவீடாகப் போன் எடுத்துக் கேட்கும் இந்த ஆராய்ச்சியை நடத்தும் பேராசிரியரே இனம் என்ற சொல்லை வாயிலெடுக்கக் கூசுகிறார், கூசத்தானே வேண்டும், ஒருகாலத்தில் இந்த நாட்டில் ஆட்களை அப்படிப் பிரித்து எழுதித்தானே கொண்டுபோய்க் கொன்றார்கள்... ஆனால் எழுதாமல் விட்டால்? கொரோனா யாரை அதிகம் வாரிக்கொண்டு போனது என்று எப்படித் தெரியும்? அப்பா கொரோனாவில் செத்தபோது ஆஸ்பத்திரியில் கேட்டது குடியுரிமை ஒன்றைத்தான். அப்பாவிடம் ஜேர்மன் பாஸ்போர்ட், ஆகவே செத்துப்போன இரத்தினம் ஒரு ஜேர்மன்காரர், கதை முடிந்தது. முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் அவரோடு நின்று வேலைசெய்தவர்களில் ஒரு வெள்ளைக்காரர்கூட இல்லை என்பதை எங்கே போய்த் தேடுவது? அதற்காகத்தான் இந்த வேலைக்கே வந்தாள், எங்காவது ஓரிடத்திலாவது அப்பா இன்னாரென்று எண்ணப்படட்டும் என்று. அம்மாவின் வீடும் ஆராய்ச்சிப் பட்டியலில் இருக்கிறது, தன்னோடு வேலைசெய்யும் சுரேன் நாளைக்கு அங்கே போன் எடுப்பான், அம்மா உண்மையைச் சொல்வாரா? செத்தவீட்டுக்கே மாரடைப்பு, நெஞ்சுவருத்தம் என்றுதான் எல்லோருக்கும் சொல்லிவைத்தார், நோய் வந்த வீடென்றால் ஒருவரும் வாசல் மிதிக்கமாட்டார்கள் என்று. அன்றைக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை, அழுகையும் வரவில்லை, பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல மனம் இன்னும் அப்படியே கிடக்கிறது.

மறுமுனையில் எடுத்தது பட்டியலில் இருந்த கெல்சென்கிர்ச்சன் நகரத்துக் கண்மணி அக்கா. ஆர் பிள்ளை, ஊரில எவடம், எந்தக் கோயிலடி, தகப்பன் ஆர்... நம் ஆட்கள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் தங்கள் ஆராய்ச்சியை முடித்துவிடுவார்கள், கேட்காமலே சாதியும் பிடிபட்டுவிடும், அதில் மட்டும் ஒருவருக்கும் கூச்சமில்லை. சிவகௌரி பேரையும் ஹம்மையும் மட்டும் சொல்லிவிட்டு, உங்களை என்னெண்டு பதியிறது அக்கா என்று கேட்டாள். "நாங்கள் தமிழ் ஆக்கள்தானே, அதையேன் கேக்கினம்? திருப்பி அனுப்பவோ?" பாஸ்போர்ட் எடுத்து எத்தனை காலம், அகதி விசாரணைப் பயம் இன்னும் போகவில்லை. இல்லையக்கா, எங்கடை ஆக்களுக்கு இந்த வருத்தம் கூடுதலா வந்ததோ எண்டு பாக்கத்தான்... வீட்டில ஆருக்கும் கொரோனா வந்ததோ? "சீ, அதொண்டும் வரேல்லை. இவருக்குச் சும்மா காய்ச்சல். கொஞ்சநாள் ஆஸ்பத்திரியில மூச்சு மிசினில விட்டவை, அவ்வளவுதான்." சிரிப்பு வரவேண்டிய இடம், அதுவும் வரவில்லை. "வெட்கப்பட ஒண்டும் இல்லை அக்கா." "வெட்கமில்லைப் பிள்ளை, மகளுக்குக் கலியாணம் பேசிறம். தகப்பனுக்கு நெஞ்சு பழுது எண்டு ஆரும் கதைச்சால்?" நியாயம்தான், நியாயமில்லைதான். இல்லை என்றே பதிந்தாள்.

பிறகு அக்காவின் குரல் திடீரென்று இளகியது. "பொறு, நீ இரத்தினம் அண்ணையின்ரை மகளெல்லோ? தங்கமான மனிசன். நெஞ்சுவருத்தம் எண்டுதானே கேள்விப்பட்டம்?"

"ஓம் அக்கா."

யோசிக்கவே இல்லை, தும்மல் வருவதுபோல வந்துவிட்டது அந்த ஓம். இப்போதுகூட மாற்றிச் சொல்லலாம், இல்லையக்கா, கொரோனாவில மூச்சு எடுக்க ஏலாமல் தனியக் கிடந்து செத்தவர் என்று ஒரே ஒரு வசனம்... அடுத்த கேள்வி கண்முன்னே திரையில் நின்றது, அதைத்தான் வாய் வாசித்தது, உங்களுக்குத் தெரிஞ்ச தமிழ் ஆக்களில ஆரும் கொரோனாவில செத்தவையோ? அக்கா உண்மையாகவே யோசித்தார், அவசரப்படாமல், மனதுக்குள் ஒவ்வொரு வீடாகப் போய்வந்தார். "இல்லைப் பிள்ளை. நானறிய ஒருத்தரும் இல்லை." சிவகௌரியின் விரல் அதையும் பதிந்தது. நாளைக்கு சுரேன் கேட்கும்போது அம்மா சொல்லிவிட்டால்... நானே சொல்லாததை அம்மா சொல்வார் என்று இவ்வளவு நேரமும் எந்த நம்பிக்கையில் இருந்தேன்?